வெடிவைப்புக் களத்தில் வாகனப் பாதுகாப்பு

வெடிவைப்புக் களத்தில் வாகனப் பாதுகாப்பு என்பது, சுரங்கங்களிலும் கல் குவாரிகளிலும் பாறையை வெடிவைத்துத் தகர்க்கும்போது அங்கு இயங்கும் வாகனங்களையும், அவற்றை ஓட்டுவோரையும், அருகிலுள்ள சாலைகளில் செல்வோரையும் காப்பதற்கான நடைமுறைகளின் தொகுப்பு ஆகும். வெடிபொருளைக் கிடங்கிலிருந்து களத்திற்குக் கொண்டு செல்லுதல், துளைகளில் வெடிபொருள் நிரப்பும்போது வாகனங்களை விலக்கி வைத்தல், வெடிக்கும் முன் அபாய வலயத்தை வெறுமையாக்குதல், வெடித்த பின் உடைந்த கல்லை அள்ளத் தொடங்குதல் ஆகிய நான்கு கட்டங்களும் இதில் அடங்கும். இக்கட்டுரை இந்நடைமுறைகளைத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம் வடமதுரைச் சுற்றுப்புறம் போன்ற கருங்கல் குவாரிப் பகுதிகளை முன்னிறுத்தி விளக்குகிறது.

சொற்கள்

வெடிவைப்பு தொழிலாளர்களின் பேச்சு வழக்கில் "வேட்டு வைத்தல்" அல்லது "வெடி போடுதல்" எனப்படும். துளையிடுவதைக் "குழி போடுதல்" என்பர். வெடியைத் தொடக்கி வைக்கும் சிறு குழலான வெடித்தூண்டி (டெட்டனேட்டர்) "கேப்" என்றே அறியப்படுகிறது. குச்சி வடிவில் வரும் வெடிபொருள், அதன் வேதிக் கலவை எதுவாயினும், "ஜெலட்டின்" எனப் பொதுவாக அழைக்கப்படுகிறது. கல் ஏற்றும் சுமையுந்து "டிப்பர்" என்றும், அகழ் இயந்திரம் அதன் வணிகப் பெயரால் "ஹிட்டாச்சி" அல்லது "பொக்லைன்" என்றும் வழங்கப்படும். வெடித்தபோது வெடிக்காமல் துளையிலேயே தங்கிவிட்ட வெடி "தவறிய வெடி" ஆகும். உடைந்த பாறைத் துண்டு எதிர்பாராத தொலைவுக்குப் பறந்து செல்வது "கற்சிதறல்" ஆகும்.

வடமதுரைப் பகுதி

வடமதுரை, திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர் வட்டத்தில் அமைந்த ஒரு பேரூராட்சியும், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமும் ஆகும். திண்டுக்கல் - திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையும் தொடருந்துப் பாதையும் இவ்வூர் வழியே செல்கின்றன. மாவட்டத்தின் நிலப்பகுதி பெரும்பாலும் நைசு, சார்னோக்கைட்டு ஆகிய கடினப் பாறைகளால் ஆனது. இப்பாறைகள் ஜல்லிக்கும் செயற்கை மணலுக்கும் (எம்-சாண்ட்) ஏற்றவை. கரிக்காலிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது.

இத்தகைய பகுதிகளில் குவாரி, ஊர்ச் சாலை, மானாவாரி நிலம், ஆடு மேய்க்கும் கரடு ஆகியன அடுத்தடுத்தே அமைந்திருக்கும். எனவே வெடிவைப்பின்போது குவாரியின் சொந்த வாகனங்களோடு, வெளியிலிருந்து கல் ஏற்ற வரும் டிப்பர்கள், உழவு இழுவைகள், ஊர்ச் சாலையில் செல்லும் இருசக்கர வண்டிகள் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

சட்டப் பின்னணி

இந்தியாவில் வெடிபொருள்களின் உற்பத்தி, இருப்பு, போக்குவரத்து ஆகியவற்றை வெடிபொருள் சட்டம், 1884, அதன்கீழ் அமைந்த வெடிபொருள் விதிகள், 2008 ஆகியன ஒழுங்குபடுத்துகின்றன. இவற்றை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு செயல்படுத்துகிறது. சுரங்கத்தின் உள்ளே நடக்கும் பணிகளைத் தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் கண்காணிக்கிறது.

கல் குவாரிகளுக்குச் சுரங்கச் சட்டம் பொருந்தாது என்ற தவறான கருத்து நிலவுவதுண்டு. சுரங்கச் சட்டம், 1952 கட்டடக்கல் போன்றவற்றை எடுக்கும் சிறு திறந்தவெளிப் பணிகளுக்குச் சில விலக்குகளை அளித்தது. ஆனால் பள்ளத்தின் ஆழம் 6 மீட்டரைத் தாண்டாமலும், பணியாளர் எண்ணிக்கை 50-ஐத் தாண்டாமலும், வெடிபொருள் பயன்படுத்தப்படாமலும் இருந்தால் மட்டுமே அவ்விலக்கு கிட்டியது. ஒரேயொரு ஜெலட்டின் குச்சியைப் பயன்படுத்தினாலும் விலக்கு நீங்கிவிடும். எனவே வெடிவைக்கும் கருங்கல் குவாரிகள் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், 1961-இன் பாதுகாப்பு நெறிகளுக்கு உட்பட்டு வந்துள்ளன. சுரங்கச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒருங்கிணைத்த தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. கீழே கூறப்படும் விதிகளில் பல 1961 ஒழுங்குமுறைகள் வழியே குவாரிகளில் வேரூன்றியவை.

வெடிபொருள் ஏற்றிச் செல்லும் வாகனங்கள்

கிடங்கிலிருந்து வெடிவைக்கும் இடம் வரை வெடிபொருளைக் கொண்டு செல்லும் பயணம் குறுகியதாயினும் ஆபத்து மிகுந்தது. ஆழ்துளை வெடிவைப்புக்கென 1961 ஒழுங்குமுறைகளில் வகுக்கப்பட்ட நெறிகளுள் முதன்மையானவை வருமாறு:

- வெடிபொருளும் வெடித்தூண்டியும் ஒரே வாகனத்தில் ஒரே நேரத்தில் செல்லலாகாது.
- வாகனத்தின் இரு பக்கங்களிலும் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் 15 செ.மீ.க்குக் குறையாத உயரமுள்ள சிவப்பு எழுத்துகளில் "வெடிபொருள்" என எழுதப்பட்டிருக்க வேண்டும்.
- குறைந்தது இரண்டு தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும்.
- பெட்டிகளை வாகனத்தின் பக்கப் பலகைக்கு மேல் உயர அடுக்கலாகாது.
- ஓட்டுநர், 18 வயதுக்குக் குறையாத உதவியாளர் ஆகிய இருவரைத் தவிர வேறு எவரும் ஏறலாகாது.
- வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டலாகாது.
- இழுவைப் பெட்டி (டிரெயிலர்) இணைக்கலாகாது.
- வாகனத்தைக் காவலின்றி விட்டுச் செல்லலாகாது. பழுதுபார்க்கும் பட்டறைக்குள் கொண்டு செல்வதோ, நெரிசலான இடத்தில் நிறுத்துவதோ கூடாது.
- இறக்கும் முன் இயந்திரத்தை நிறுத்திக் கைத்தடையை இட வேண்டும்.
- அவசர நிலையிலன்றி எரிபொருள் நிரப்பலாகாது.
- ஒரு சுற்று வெடிவைப்புக்குத் தேவையான அளவை மட்டுமே, துளை நிரப்பும் பணி தொடங்குவதற்கு 30 நிமிடங்களுக்கு முன்னதாக அன்றிக் களத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

இறுதி விதியின் நோக்கம் எளியது. களத்தில் காத்துக் கிடக்கும் ஒவ்வொரு பெட்டியும் வெயில், பொறி, மின்னல், கவனக்குறைவு ஆகியவற்றுக்கு இலக்காகிறது. காத்திருக்கும் நேரம் குறைந்தால் ஆபத்தும் குறையும்.

வெடித்தூண்டிகளை ஜீப் வகை வாகனத்தில் கொண்டு செல்லும்போது, ஒரு முறைக்கு 200-க்கு மேற்படாமல் மரப்பெட்டியில் அடுக்கி, அதனை உலோக வெளிப்பெட்டிக்குள் வைத்து, வெளிப்பெட்டி நகராதவாறு வாகனத் தளத்தில் பொருத்த வேண்டும். பின்பகுதியில் எவரும் அமரலாகாது. இருசக்கர வண்டியின் பையிலோ, இருக்கையின் அடியிலோ "கேப்" கொண்டு செல்வது இந்நெறிகள் அனைத்தையும் மீறுவதாகும்.

நாள்தோறும் செய்யும் சோதனை

வெடிபொருள் வாகனம் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை தகுதியுடைய ஒருவரால் சோதிக்கப்பட வேண்டும். தீயணைப்புக் கருவிகள் நிரப்பப்பட்டு உரிய இடத்தில் உள்ளனவா, மின்கம்பிகளின் உறை சிதையாமல் உள்ளதா, அடிச்சட்டத்திலும் இயந்திரத்திலும் எண்ணெய்ப் படிவு இல்லையா, எரிபொருள் தொட்டியும் குழாய்களும் கசிவற்றனவா, விளக்கு, தடை (பிரேக்), திசைதிருப்பி ஆகியன சரியாக இயங்குகின்றனவா என்பன பார்க்கப்படும். வாகனத் தீயே வெடிபொருள் போக்குவரத்தின் பெரும் அச்சம் ஆதலால் இச்சோதனையில் பெரும்பகுதி தீயைத் தடுப்பதைப் பற்றியதாகவே உள்ளது.

துளை நிரப்பும் களத்தில் வாகனங்கள்

துளைகளில் வெடிபொருள் நிரப்பத் தொடங்கியதும் அவ்விடம் வாகனங்களுக்கு மூடப்பட வேண்டும். துளையிடப் பயன்பட்ட இழுவைக் காற்றழுத்தி (டிராக்டர் கம்ப்ரசர்), அகழ் இயந்திரம், தண்ணீர் வண்டி ஆகிய அனைத்தும் அதற்கு முன்பே வெளியேற வேண்டும். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, நசுக்குதலும் உராய்வும் ஆகும். தரையில் கிடக்கும் ஒரு வெடித்தூண்டியின் மீது சக்கரம் ஏறினால் அது வெடிக்கக்கூடும்.

இரண்டாவது, அதிர்வுக் குழாய் இழுபடுதல் ஆகும். மின்சாரமில்லா வெடித்தூண்டிகளில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள நெகிழிக் குழாய் பயன்படுகிறது. அதன் உட்சுவரில் மெல்லிய வெடிபொருட் பூச்சு உண்டு. அதிர்வலை அக்குழாய்க்குள் விநாடிக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் வேகத்தில் செல்லும். இக்குழாய் மின்சாரத்தால் தூண்டப்படாது என்பதால் முற்றிலும் ஆபத்தற்றது எனப் பலர் கருதுகின்றனர். ஆயினும் வாகனத்தின் அச்சிலோ, அகழ் இயந்திரத்தின் சங்கிலித் தடத்திலோ சிக்கி இழுபட்டு அறுந்தால், அறுபடும் அந்த நொடியிலேயே குழாய் தூண்டப்பட்டு துளையிலுள்ள வெடி வெடிக்கலாம். எனவே விரிக்கப்பட்ட குழாயின் மீதோ, அதற்கு அருகிலோ எந்த வாகனமும் செல்லலாகாது.

மூன்றாவது, மின்சாரம் ஆகும். மின்வெடித்தூண்டிகள் வாகன மின்கலம், வானொலித் தொடர்புக் கருவி, கைபேசி, நிலைமின்னூட்டம், மின்னல் ஆகியவற்றால் தவறித் தூண்டப்படும் இயல்புடையவை. இந்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் மின்வெடித்தூண்டிகளின் உற்பத்தி, உடைமை, இறக்குமதி ஆகியவற்றைத் தடைசெய்தது. மின்னல் ஆபத்து எவ்வகை வெடித்தூண்டிக்கும் உண்டு. கோடை இடிமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் திண்டுக்கல் சமவெளியில் பிற்பகலில் மேகம் திரண்டால் நிரப்பும் பணியை நிறுத்தி, ஆள்களையும் வாகனங்களையும் வெளியேற்றுவதே முறையாகும்.

அபாய வலயமும் வாகன வெளியேற்றமும்

1961 ஒழுங்குமுறைகள் வெடிவைக்கும் இடத்தைச் சுற்றி 300 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை அபாய வலயமாக வரையறுத்தன. நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள், 2017 இதனை 500 மீட்டர் எனக் கொண்டன. ஆழ்துளை வெடிவைப்பு நடக்கும் கல் சுரங்கங்களிலும் 500 மீட்டர் தொலைவைக் கடைப்பிடிப்பது நன்று.

இத்தொலைவின் பொருளைச் சிறு கணக்கால் உணரலாம். விநாடிக்கு 54 மீட்டர் வேகத்தில், 45 பாகைச் சாய்வில் கிளம்பும் கல், காற்றின் தடையைக் கருதாவிடில், ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவில் விழும். துளையின் வாய்ப்பகுதியில் அடைப்பு குறைந்தாலும், பாறையில் பிளவு இருந்தாலும், முகப்பில் பாறைத் தடிமன் குறைந்தாலும் கல் இவ்வேகத்தைத் தாண்டலாம்.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 குடியிருப்புகளிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி அமைவதைத் தடுக்கின்றன. அபாய வலயம் 500 மீட்டர் எனக் கொள்ளப்படும்போது, சட்டப்படி அமைந்த குவாரியின் வலயத்துக்குள்ளும் வீடும் சாலையும் வந்துவிடக்கூடும் என்பது கவனிக்கத்தக்கது.

வெளியேறத் தேவையான நேரம்

30 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தில் சாய்வுப் பாதை 16-க்கு 1 என்ற ஏற்றத்தில் இருந்தால், அடித்தளத்திலிருந்து மேலே வர ஏறத்தாழ 480 மீட்டர் ஓட வேண்டும். சுமையேற்றிய டிப்பர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இதனைக் கடக்க ஏறத்தாழ 3 நிமிடங்கள் ஆகும். அதன்பின் 300 மீட்டர் எல்லையைக் கடக்க மேலும் நேரம் தேவை. இயந்திரம் கிளம்பாமற்போனாலும், வழியில் மற்றொரு வண்டி நின்றுவிட்டாலும் இக்கணக்கு குலைந்துவிடும். எனவே ஊதல் ஒலித்த பின் வாகனங்களைக் கிளப்புவது காலங்கடந்த செயலாகும். துளை நிரப்பும் முன்னரே வாகனங்கள் வெளியேறியிருக்க வேண்டும். ஊதல் எஞ்சிய ஆள்களுக்கான இறுதி எச்சரிக்கையே ஆகும்.

பழுதாகி நகர்த்த இயலாத வாகனம் இருந்தால் அதனை அங்கேயே விட்டு ஆள்கள் வெளியேற வேண்டும். டிப்பரின் அடியில் பதுங்குவது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. வாகனம் அதற்கென அமைக்கப்பட்ட மறைவிடம் அன்று.

பொதுச் சாலை

அபாய வலயத்துக்குள் பொதுச் சாலையோ தொடருந்துப் பாதையோ இருப்பின், அதன் இரு எல்லைகளிலும் ஒவ்வொருவராக இருவர் நிறுத்தப்பட வேண்டும் என்பது 1961 ஒழுங்குமுறைகளின் நெறி. அவ்விருவரும் போக்குவரத்து நின்றுவிட்டது என்பதைத் தொலைபேசி, ஊதல் அல்லது ஒலிபெருக்கி மூலம் வெடிவைப்பாளருக்குத் தெரிவித்த பின்னரே வெடிக்க வேண்டும். 600 மீட்டர் நீளச் சாலைப் பகுதியை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 36 விநாடிகளில் கடந்துவிடும். கண்ணால் பார்த்துச் "சாலை காலி" என ஊகிப்பது இதனாலேயே போதாது. காவலர் இருவரிடமிருந்தும் தனித்தனியே மறுமொழி வர வேண்டும். ஒருவரின் மறுமொழி வராவிடில் வெடிக்கலாகாது.

ஊதலின் எண்ணிக்கையும் நீளமும் குவாரிக்குக் குவாரி வேறுபடலாம். ஆகவே அவற்றின் பொருளையும் வெடிக்கும் நேரத்தையும் நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்கள் பணியாற்றும் இடங்களில் தமிழ் எழுத்து மட்டும் போதாது. அவர்களுடைய மொழியிலும், செங்கொடி, படக்குறி ஆகியவற்றாலும் விளக்க வேண்டும். இயன்றவரை பணிமுறைகளுக்கு இடையிலோ, உணவு இடைவேளையிலோ, அன்றைய பணி முடிந்த பின்னரோ பகல் வெளிச்சத்தில் வெடிவைப்பது குழப்பத்தைக் குறைக்கும்.

வெடித்த பின்

ஆபத்து நீங்கியது என்ற ஒலிக்குறி வரும்வரை எந்த வாகனமும் உள்ளே செல்லலாகாது. புழுதி அடங்க வேண்டும். செம்பழுப்பு நிறப் புகை தெரிந்தால் அது நச்சுத்தன்மையுள்ள நைதரசன் ஆக்சைடு ஆகும். காற்று அதனை அகற்றும்வரை ஓட்டுநர் காத்திருக்க வேண்டும்.

முதலில் வெடிவைப்பாளர் நடந்து சென்று களத்தைச் சோதிப்பார். கேட்ட வெடிகளின் எண்ணிக்கை நிரப்பிய துளைகளின் எண்ணிக்கையை விடக் குறைந்திருந்தாலோ, ஐயம் எழுந்தாலோ, 30 நிமிடங்கள் கழியும்வரை எவரும் அணுகலாகாது என்பது பழைய நெறி. மின்வெடிக்கு மட்டும், மின்தொடர்பைத் துண்டித்த பின், இது 5 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டிருந்தது.

தவறிய வெடியால் மிகுதியும் தாக்கப்படக்கூடியவர் அகழ் இயந்திர ஓட்டுநர் ஆவார். கற்குவியலுக்குள் மறைந்திருக்கும் குச்சியையோ கேப்பையோ வாளியின் பல் மோதினால் அது வெடிக்கலாம். அள்ளும்போது குழாய்த் துண்டு, கம்பி, உறைத்தாள் ஆகியன கண்ணில் பட்டால் உடனே இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி விலகி, பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனைத் தானே எடுத்து அப்புறப்படுத்தலாகாது. பழைய துளையின் எஞ்சிய அடிப்பகுதியில் மீண்டும் துளையிடுவதும் தடைசெய்யப்பட்டதாகும்.

வெடிவைப்பு, பாறை முகப்பைத் தளர்த்திவிடுகிறது. தொங்கும் கற்களைத் தட்டி இறக்கிய பின்னரே டிப்பரை முகப்பின் கீழ் நிறுத்த வேண்டும். படிமேடையின் அகலம் அதன் உயரத்தினும் குறையாதிருத்தல், சாய்வுப் பாதையின் ஓரத்தில் மண் அல்லது கல் அணை அமைத்தல் ஆகியன வாகனப் பாதுகாப்பின் அடிப்படைகள். அமெரிக்க விதிகளின்படி ஓர அணையின் உயரம், அப்பாதையில் செல்லும் மிகப் பெரிய வாகனத்தின் அச்சு உயரத்துக்காவது இருக்க வேண்டும்.

வாகனத் தீ

வெடிபொருள் ஏற்றிய வாகனத்தில் இயந்திரத்திலோ சக்கரத்திலோ சிறு தீ தோன்றினால், அது சரக்கை எட்டும் முன் கையிலுள்ள கருவியால் அணைக்க முயலலாம். சரக்கைத் தீ எட்டிவிட்டால் போராடாமல் அனைவரும் விலகி, சாலையை மறிக்க வேண்டும். 1988 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், அமோனியம் நைத்திரேட்டு வெடிபொருள் இருந்த இழுவைப் பெட்டிகளில் பற்றிய தீயை அணைக்கச் சென்ற 6 தீயணைப்பு வீரர்கள் வெடிப்பில் உயிரிழந்தனர். 2014 செப்டம்பர் 5 அன்று ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் அமோனியம் நைத்திரேட்டு ஏற்றிய சுமையுந்து கவிழ்ந்து தீப்பற்றி வெடித்ததில் சாலைப் பாலம் தகர்ந்தது. பலர் காயமடைந்தனர்.

தென்னிந்திய விபத்துகள்

- 2021 சனவரி 21: கருநாடக மாநிலம் சிவமொக்கா அருகே ஹுணசோடுவில் குவாரிக்கான வெடிபொருள் ஏற்றிய சுமையுந்து வெடித்தது. குறைந்தது 5 பேர் இறந்தனர்.
- 2021 மே 8: ஆந்திர மாநிலம் கடப்பா மாவட்டம் மாமில்லபள்ளியில் சுரங்கத்துக்கான வெடிபொருளை வாகனத்திலிருந்து இறக்கும்போது வெடித்ததில் 10 பேர் இறந்தனர்.
- 2022 மே 14: திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் ஆழமான குவாரியின் பாறை சரிந்தது. கீழே சுமையுந்துகளோடும் அகழ் இயந்திரங்களோடும் இருந்த 6 பேர் சிக்கினர். அவர்களுள் 4 பேர் இறந்தனர்.
- 2024 மே 1: விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூரில் கல் குவாரியின் வெடிபொருள் கிடங்கில் நிகழ்ந்த வெடிப்பில் 3 பேர் உயிரிழந்தனர். வாகனங்களும் சிதறின.

இவற்றுள் முதல் மூன்று நிகழ்வுகளும் துளையில் வைத்த வெடி வெடித்தபோது நிகழ்ந்தவை அல்ல. இரண்டு, வெடிபொருள் வாகனத்தில் இருந்தபோதோ அதிலிருந்து இறக்கப்பட்டபோதோ நிகழ்ந்தன. மற்றொன்று, தளர்ந்த பாறையின் கீழ் வாகனங்கள் நின்றபோது நிகழ்ந்தது. வெடிக்கும் நொடியை மட்டும் ஆபத்தானதாகக் கருதுவது போதாது என்பதை இவை காட்டுகின்றன.

நடைமுறைச் சிக்கல்கள்

டிப்பர் ஓட்டுநர்களுக்கு "நடை" கணக்கில் கூலி வழங்கப்படும் இடங்களில், வெடிவைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் வருவாய் இழப்பாகிறது. இதனால் ஊதல் ஒலித்த பின்னும் ஒரு சுமையை ஏற்றிச் செல்ல முனைவதும், புகை அடங்கும் முன் உள்ளே நுழைவதும் நேர்கின்றன. வெடிக்கும் நேரத்தை முன்னரே அறிவித்து, காத்திருக்கும் நேரத்திற்கும் கூலி வழங்குவது இதற்குத் தீர்வாகக் கூறப்படுகிறது. வெளியிலிருந்து வரும் வண்டிகளை வாயிலில் எண்ணி உள்ளே விடுவதும், வெடிக்கும் முன் அதே எண்ணிக்கை வெளியேறியதை உறுதிசெய்வதும் செலவற்ற, ஆனால் பயன்மிக்க முறையாகும். இதற்கு ஒரு பதிவேடும் ஓர் ஆளும் போதும்.

இவற்றையும் பார்க்க

- கல் குவாரி
- வெடிபொருள்
- அமோனியம் நைத்திரேட்டு
- சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம்
- வடமதுரை
- திண்டுக்கல் மாவட்டம்